உறைக்குள் மூங்கில்



வலிமையையும் அடக்கத்தையும் பற்றிப் பேச அழைத்தீர்கள். இந்தப் பொருளில் பேசுவதற்கு ஞானிகள் உண்டு, நீதிநூல்கள் உண்டு. நான் ஒரு கணக்குப்பிள்ளையை அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் செய்பே இகுச்சி. வடக்கு ஜப்பானில் உனாசகா என்ற சிற்றரசின் பண்டகசாலையில் சரக்கை எண்ணிப் பேரேட்டில் எழுதுவது அவர் வேலை. உனாசகா எந்த வரைபடத்திலும் இல்லை. செய்பேயும் உலகில் பிறந்து வாழ்ந்தவர் அல்லர். ஷூஹெய் புஜிசாவா என்ற எழுத்தாளரின் சிறுகதைகளை அடிப்படையாக வைத்து, இயக்குநர் யோஜி யமதா 2002-இல் எடுத்த ‘தசொகரே செய்பே’ என்ற திரைப்படத்தின் நாயகர் அவர். ‘அந்தி நேரத்துச் செய்பே’ என்று சொல்லலாம். பொழுது சாய்ந்ததும் சக ஊழியர்கள் மதுக்கடைக்குக் கிளம்புவார்கள். இவர் நேரே வீட்டுக்குப் போவார். அதனால் அவர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

வீட்டில் என்ன இருக்கிறது? மனைவி காசநோயில் இறந்துவிட்டாள். இரண்டு சிறுமிகள். நினைவு தப்பிப்போன தாய். பெற்ற மகனையே பார்த்து, நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறாள். அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். மருந்துச் செலவும் ஈமச்செலவும் வைத்துவிட்டுப் போன கடன் இருக்கிறது. இரவில் பூச்சிக்கூண்டு முடைந்து விற்று நாலு காசு பார்க்க வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 50 கோகு. ஒரு கோகு என்பது ஒரு ஆளுக்கு ஓராண்டுக்குப் போதுமான அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. பேரேட்டில் 50 என்று இருந்தாலும் கடன் பிடித்ததுபோக முழுதாகக் கைக்கு வருவதில்லை. குளிக்க நேரமில்லை, கிழிந்த உடையைத் தைக்க ஆளில்லை. பண்டகசாலையைப் பார்வையிட வந்த சிற்றரசர் இவர் பக்கத்தில் வந்தபோது நாற்றம் தாங்காமல் முகம் சுளித்தார். அலுவலகத்துக்கே அது அவமானமாகிவிட்டது.

இந்த மனிதர்தான் அந்த ஊரில் வாளெடுத்தால் வெல்ல முடியாதவர்களில் ஒருவர். இளமையில் தோதா மரபுப் பயிற்சிக்கூடத்தில் குறுவாள் கற்று, ஆசானுக்கு அடுத்த நிலையில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பலருக்கு இது மறந்தே போய்விட்டது. அவரும் நினைவூட்டவில்லை.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டொகுகவா மரபின் ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி 1603-இல் தொடங்கியது. 1638-இல் ஷிமபாரா கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் பெரும்போர் எதுவும் நடக்கவில்லை. இடுப்பில் இரண்டு வாள் செருகிக்கொள்ளும் உரிமை பெற்ற ஒரு வகுப்பார், தலைமுறை தலைமுறையாகக் கிடங்கு பார்த்தார்கள், வரி எழுதினார்கள், வாயில் காத்தார்கள். வாள் தகுதியின் அடையாளமாக நின்றது. அதைப் பயன்படுத்த வேண்டிய தேவை அநேகமாக மறைந்தது. அப்படி ஒரு நிலையில் வாள்வித்தைக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஷோகுன்களுக்கே வாள் கற்றுத் தந்த யக்யூ முனெனோரி 1632-இல் எழுதிய நூலில் கொல்லும் வாள், உயிர் கொடுக்கும் வாள் என்று இரண்டைப் பேசுகிறார். ஒரு தீயவனை வெட்டுவதன் மூலம் பல்லாயிரம் பேரை வாழவைக்கலாம் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. அந்த நூலின் நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால், யார் தீயவன் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் பணிந்த அரசே உட்கார்ந்திருக்கிறது. செய்பேயின் கதை தொடுவது சரியாக இந்த இடத்தைத்தான். பிறகு அதற்கு வருகிறேன்.

வாளெடுக்கத் தயங்கும் வீரர்கள் ஜப்பானியக் கதைகளுக்குப் புதியவர்கள் அல்லர். குரோசவா 1962-இல் எடுத்த ‘சன்ஜூரோ’ படத்தில், நல்ல வாள் உறைக்குள்தான் இருக்கும் என்று ஒரு மூத்த பெண்மணி நாயகனிடம் மென்மையாகச் சொல்கிறார். அந்தச் சொல் அவனைத் தைக்கிறது. படம் முழுக்க வாளை உருவிக்கொண்டே இருந்தவன், தானும் தன் கையால் இறந்த எதிரியும் உறையில்லாத வாள்கள் என்று கடைசியில் ஒப்புக்கொண்டு கிளம்பிப்போகிறான். இங்கிருக்கும் இளைஞர்களுக்கு 1994-இல் மாங்கா இதழில் தொடங்கிய கென்ஷினைத் தெரிந்திருக்கும். கூர் உள்பக்கம் திரும்பிய வாளோடு, இனி எவரையும் கொல்வதில்லை என்ற சபதத்தோடு அலையும் முன்னாள் கொலையாளி. எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனாலும் ஒன்று சொல்வேன். அவனை வெல்ல ஆளில்லை. தன்னை எவராலும் தொடமுடியாது என்று தெரிந்தவன் கையை அடக்கிக்கொள்வதில் பெருமை உண்டு, ஆனால் ஆபத்து குறைவு. சன்ஜூரோவுக்கோ வீடு இல்லை, காத்திருக்கும் எவரும் இல்லை. உலகத்தைத் துறந்தவனும் உலகத்தில் ஒட்டாதவனும் அடங்கியிருப்பது வேறு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, விறகு பிளந்துவிட்டு, அலுவலகத்துக்கு ஓடும் ஒருவர் அடங்கியிருப்பது வேறு.

செய்பேயின் நண்பர் மிச்சினோஜோ அவரை ஒருமுறை அழைக்கிறார். உலகம் மாறப்போகிறது, கியோத்தோவுக்குப் போவோம், உன் வாளுக்கு அங்கே மதிப்பு இருக்கும் என்கிறார். ஷோகுன் ஆட்சியின் கடைசி ஆண்டுகள் அவை. பெயர் வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் கியோத்தோவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். செய்பே மறுக்கிறார். உலகம் மாறினால் வாளைக் கீழே வைத்துவிட்டு உழவராகிவிடுவேன், வயல் வேலை எனக்குப் பொருந்தும் என்கிறார். மகள்கள் நாளுக்கு நாள் வளர்வதைப் பார்ப்பது, பயிர் வளர்வதைப் பார்ப்பதுபோல எனக்கு இன்பமாக இருக்கிறது என்ற பொருளில் இன்னோரிடத்தில் பேசுகிறார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வலிமையை அடக்கவில்லை. அவர் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மில் பலர் அடக்கம் என்றால் உள்ளே கொதிப்பதை மூடி வைப்பது என்று நினைக்கிறோம். அந்த மூடி என்றாவது ஒரு நாள் திறந்துகொள்ளும். அதற்காகத்தான் பழிவாங்கும் கதைகளைக் கைதட்டி வரவேற்கிறோம். செய்பேயிடம் கொதிப்பு இல்லை. தன் வலிமையைத் தவிர வேறு சொத்து இல்லாதவனால் அதைச் சும்மா வைத்திருக்க முடியாது. அதைக் காட்டினால்தான் அவன் ஒரு ஆள். செய்பேயிடம் வேறு சொத்துகள் இருந்தன. அவற்றைச் சொத்து என்று ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூத்த மகள் கயனோ அவரிடம் ஒரு நாள் கேட்கிறாள்: தையல் கற்றால் உடை தைக்கலாம், படிப்பு எதற்கு உதவும்? கன்ஃபூசியஸின் வாசகங்களை உருப்போட்டுக்கொண்டிருந்த சிறுமி அவள். அப்பா கொஞ்சம் யோசிக்கிறார். படித்தால் சிந்திக்கும் திறன் வரும், உலகம் எப்படி மாறினாலும் அந்தத் திறன் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார். பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. வாள்வித்தையில் தேர்ந்த தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்த வலிமை எது என்று பாருங்கள்.

இனி ஆற்றங்கரையில் நடந்த ஒரு சண்டைக்கு வருவோம். மிச்சினோஜோவின் தங்கை தொமோயே, செய்பேயின் சிறுவயதுத் தோழி. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து மணவிலக்குப் பெற்று வந்தவள். அந்த முன்னாள் கணவன் கோடா ஒரு நாள் இரவு வந்து ரகளை செய்து, மிச்சினோஜோவை வாட்சண்டைக்கு அழைக்கிறான். நண்பருக்குப் பதிலாகச் செய்பே போகிறார். தனிச்சண்டைகளைச் சிற்றரசு தடைசெய்திருந்தது. கோடா உருவிய வாளோடு நிற்கிறான். செய்பே கையில் ஒரு மரத்தடி.

கேலிக்காக அவர் தடியைத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே என்று அளந்து எடுத்த கருவி அது. கோடாவைச் சாய்க்க வேண்டும், கொல்ல வேண்டாம். வாள் இருந்தால் கை ஒருகணம் தவறினாலும் ஆள் போய்விடுவான். தடியில் அந்தப் பயம் இல்லை, ஆனால் தன் உயிருக்கான ஆபத்து கூடுகிறது. எதிரியின் உயிருக்கான பாதுகாப்பைத் தன் உயிரிலிருந்து கழித்துக் கொடுக்கிறார். கென்ஷினுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஹிரோயுகி சனாதா இந்தக் காட்சியில் நடித்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சிறுவயது முதல் சண்டைப் பயிற்சி பெற்ற நடிகர்; அத்தனை பயிற்சியையும் வைத்துக்கொண்டு, அவசரமாக வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவரைப்போல அசைகிறார்.

கோடா மயங்கி விழுகிறான். சண்டை முடிந்தது. ஆனால், செய்தி பரவிவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறைப்பது இதுதான்: எவ்வளவு அடக்கமாகப் பயன்படுத்தினாலும், வலிமை ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அது பிறகு உரியவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. கோட்டையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் காதிலும் அது விழுந்தது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டார்கள்.

தேவை விரைவிலேயே வந்தது. சிற்றரசர் இறந்தார். வாரிசுச் சண்டை. தோற்ற பக்கத்தில் இருந்தவர்களுக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உத்தரவு. அப்படி உத்தரவு பெற்றவர்களில் யொகோ ஸென்எமோன் என்ற வாள்வீரன் சாக மறுத்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறான். தண்டிக்கப் போன அதிகாரியையும் வெட்டிவிட்டான். இப்போது செய்பேயை இரவில் அழைத்து உத்தரவிடுகிறார்கள்: போய் அவனைக் கொல்.

செய்பே அப்போது பேசுவதுதான் என்னை இந்த மேடைக்கு அழைத்து வந்தது. ஒரு மனிதரோடு உயிருக்கு உயிர் மோத வேண்டுமென்றால் விலங்கின் வெறி வேண்டும், தன் உயிரையும் துச்சமாக எண்ணும் குளிர்ந்த மனம் வேண்டும், இரண்டும் இப்போது என்னிடம் இல்லை என்கிறார். ஆண்டுக்கணக்கான துயரத்தில் அவை கரைந்துவிட்டன, ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் மலைக்குப் போய் மீட்டுக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சுகிறார். பெரியவருக்குக் கோபம் வருகிறது. காலையில் போக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். கை மறந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. கை மறக்கவில்லை, ஆற்றங்கரையில் பார்த்தோம். கொல்வது கையின் வேலை அன்று என்கிறார். அதற்கு உள்ளே ஒன்று செத்திருக்க வேண்டும். பிள்ளைக்குச் சோறூட்டியும், தாய்க்குப் பதில் சொல்லியும், செத்துப்போனவளை நினைத்தும் அவருக்குள் அது உயிர்பெற்றுவிட்டது. அதை மறுபடி சாகடித்துக் கொண்டு வர ஒரு மாதம் கேட்கிறார். வீரம் என்று நாம் கொண்டாடும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வாள்வீரர் பாத்திரம் வேறு எதையும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை தொமோயேயை வரவழைத்துத் தலைமுடி கட்டச் சொல்கிறார், உடை சரிசெய்யச் சொல்கிறார். வீட்டில் அதற்கு வேறு ஆள் இல்லை. இத்தனை காலம் சொல்லாத காதலை அப்போது சொல்கிறார். அவளுக்கு வேறிடத்தில் திருமணம் பேசி முடிந்துவிட்டது. அதை அவள் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

யொகோவின் வீட்டில் சண்டைக்கு முன் நீண்ட நேரம் நடப்பது உரையாடல்தான். யொகோவாக நடித்தவர் புத்தோ நடனக் கலைஞர் மின் தனாகா. அவருக்கு இது முதல் திரைப்படம். இருட்டறையில் மது குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மனைவியையும் மகளையும் நோய்க்குக் கொடுத்தவன். மகளின் எலும்புச் சாம்பலை வாயில் போட்டுக்கொள்கிறான். என்னைத் தப்பிப் போக விடு என்று கேட்கிறான். செய்பேக்கும் அதில் சம்மதம்தான். அதிகாரம் கொல்ல அனுப்பியவரும் அதே அதிகாரம் சாகச் சொன்னவனும் வறுமையைப் பற்றியும் இறந்த மனைவிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே மாதிரி துக்கம்.

அந்த நெருக்கத்தில் செய்பே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறார். மனைவியின் ஈமச்செலவுக்காகத் தன் நெடுவாளை விற்றுவிட்டதாகவும், உறைக்குள் இருப்பது மூங்கில் என்றும் சொல்கிறார். நண்பனிடம் சொல்வதுபோலச் சொன்னார். யொகோவின் முகம் மாறுகிறது. மூங்கிலை வைத்துக்கொண்டு என்னைக் கொல்ல வந்தாயா? எனக்கு அவ்வளவுதான் மதிப்பா? குறுவாளால் போரிடுவதுதான் தன் பயிற்சி என்று செய்பே விளக்குகிறார். அது இன்னும் மோசமாகப் போகிறது.

இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். தப்பிப்போக விரும்பியவன் தப்பிப்போகாமல் போனது ஏன்? எல்லாவற்றையும் இழந்த யொகோவிடம் மிஞ்சியிருந்தது வாள்வீரன் என்ற பெயர் ஒன்றுதான். செய்பேக்கு அந்தப் பெயர் தேவையில்லை. விற்றுவிட்டார், வெட்கமில்லாமல் சொல்லவும் செய்தார். ஒருவர் தன் வலிமையின் சின்னத்தை விட்டுக்கொடுத்ததை அன்பாகக் கேட்க, கேட்பவருக்கும் அதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்க வேண்டும். யொகோவின் மகள் உயிரோடு இருந்திருந்தால் அந்த அறையில் இரத்தம் சிந்தியிருக்காது என்றே நம்புகிறேன்.

தாழ்ந்த கூரையுள்ள வீடு. யொகோவின் நெடுவாள் மேலே விட்டத்தில் சிக்கிக்கொள்கிறது. செய்பேயின் குறுவாள் அந்தக் கணத்தில் நுழைகிறது. வென்றவரின் முகத்தில் வெற்றி இல்லை.

செய்பே மறுத்திருக்க வேண்டாமா? இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. புகழுக்கு மறுத்தார், கியோத்தோவுக்கு மறுத்தார், இரத்தம் சிந்த மறுத்துத் தடியெடுத்தார். ஆனால், அலுவலக உத்தரவுக்கு மறுக்கவில்லை. மறுத்தால் அது அவர் உயிரோடு முடியாது; இரண்டு சிறுமிகளும் ஒரு கிழவியும் தெருவுக்கு வருவார்கள். எந்த வீட்டைக் காப்பதற்காக வாளைக் கீழே வைத்தாரோ, அதே வீட்டைக் காப்பதற்காக வாளெடுக்க வைத்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காகச் செய்தது சரியாகிவிடாது. சாகச் சொல்லி உத்தரவு வரும்வரை யொகோ ஒரு தவறும் செய்யாதவன்; தோற்ற பக்கத்தில் விசுவாசமாக இருந்தான், அவ்வளவே. தனிமனிதர் எவ்வளவு அடக்கமானவராக இருந்தாலும், அவர் வலிமைக்கு உத்தரவிடும் இடத்தில் இருப்பவர்கள் அடக்கமற்றவர்களாக இருந்தால், அவர் அடக்கம் போதாது. யக்யூ முனெனோரியிடம் நான் கேட்க விரும்பியது இதுதான். எந்த ஒருவனை வெட்டினால் பல்லாயிரம் பேர் வாழ்வார்கள் என்று உனாசகாவில் முடிவுசெய்தவர்கள் யார்? பஞ்சத்தில் இறந்த உழவர் பிள்ளைகளின் உடல்கள் ஆற்றில் மிதந்து போவதைப் படம் காட்டுகிறது. அந்தப் பஞ்சத்துக்காக அந்தக் கோட்டையில் யாரும் தண்டிக்கப்பட்டதாகப் படம் காட்டவில்லை.

எழுத்தாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புஜிசாவா 1927-இல் யமகதா மாகாணத்துத் த்சுருஒகாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தபோது காசநோய் வந்து நெடுநாள் மருத்துவ விடுதியில் கிடந்தார். பிறகு தோக்கியோவில் உணவுத் தொழில் சார்ந்த ஒரு பத்திரிகையில் வேலை. 1963-இல் இளம் மனைவி இறந்தார். கையில் சில மாதக் குழந்தை, பெண். வயதான தாயின் துணையோடு குழந்தையை வளர்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு எழுதினார். செய்பேயின் மாலை நேரங்கள் எங்கிருந்து வந்தன என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

மூலக்கதையில் செய்பேயின் மனைவி உயிரோடு நோயில் கிடக்கிறாள். ஊழல் செய்த பெரிய அதிகாரி ஒருவரை வீழ்த்த இவரை அழைக்கிறார்கள். அவர் முதலில் எழுப்பும் மறுப்பு, கூட்டம் நடக்கும் நேரம் மாலை என்பது. அந்த நேரத்தில் மனைவிக்கு உதவி வேண்டும், படுக்கையிலிருந்து எழுந்துபோகக் கை கொடுக்க ஆளில்லை. சிற்றரசின் தலைவிதி அதற்குப் பிறகுதான். குறித்த நாளிலும் மனைவிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறார். யமதா கதையை மாற்றினார், மனைவியை இறந்தவளாக்கினார், வேறு இரண்டு கதைகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார். அந்த வரிசையை மட்டும் மாற்றவில்லை. வீடு முதலில், வாள் பிறகு.

யொகோவைக் கொன்றுவிட்டுச் செய்பே வீடு திரும்பும்போது தொமோயே அங்கேயே காத்திருக்கிறாள். வேறிடத்தில் பேசிய திருமணம் நடக்கவில்லை; இவர்கள் இருவரும் திருமணம் செய்துகொள்கிறார்கள். மூன்று ஆண்டுகள்கூட முழுதாகச் சேர்ந்து வாழவில்லை. 1868-இல் ஷோகுன் தரப்புக்கும் பேரரசர் தரப்புக்கும் இடையே போஷின் போர் மூள்கிறது. இந்தக் கதைக்கு மாதிரியான உண்மை ஊர், புஜிசாவாவின் ஷோனாய் சிற்றரசு, ஷோகுன் பக்கம் நின்றது. செய்பே அந்தப் போரில் துப்பாக்கிக் குண்டுக்கு இறக்கிறார். அவரைப் போன்றவர்கள் இடுப்பில் வாள் செருகும் உரிமையையே புதிய அரசு 1876-இல் எடுத்துவிட்டது.

படத்தை நமக்குச் சொல்பவள் இளைய மகள் இத்தோ, இப்போது முதியவள். அப்பாவின் சக ஊழியர்களில் சிலர் புதிய ஆட்சியில் பெரிய பதவிக்குப் போனார்கள். உன் அப்பா அதிர்ஷ்டம் கெட்டவர் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் அதை ஏற்கவில்லை. மகள்களை நேசித்தார், அழகான தொமோயே அவரை நேசித்தாள், அவர் வாழ்ந்தது நிறைவான வாழ்க்கை என்பது அவள் தீர்ப்பு. யொகோவின் வீட்டில் நடந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஆற்றங்கரையையும் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னாள். அவள் பக்கம்தான் நான் நிற்கிறேன். யொகோவுக்காக அப்படித் தீர்ப்புச் சொல்ல ஒரு மகள் மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.